கிரப், கெர்னல் கோளாறால் லினக்ஸ் தொடங்கவில்லையா? படிப்படியாகச் சரிசெய்யும் முறை

லினக்ஸ் கணினி தொடங்க மறுத்தால் பலரும் உடனே மறுநிறுவலுக்குத் தயாராகிவிடுகிறார்கள். பெரும்பாலும் அது தேவையே இல்லை. கணினியை இயக்கியதும், தாய்ப்பலகையிலுள்ள அடிப்படை மென்பொருளான யூஇஎஃப்ஐ (பழைய கணினிகளில் பயாஸ்), லினக்ஸைத் தொடங்கிவைக்கும் நிரலான கிரப்பைத் தேடி எடுக்கிறது. கிரப், லினக்ஸின் மையப்பகுதியான கெர்னலையும், தொடக்கத்துக்கு வேண்டிய டிரைவர்களைக் கொண்ட இனிட்ராம்எஃப்எஸ் கோப்பையும் நினைவகத்தில் ஏற்றுகிறது. கெர்னல், லினக்ஸ் கோப்புகள் உள்ள வட்டுப் பகுதியான ரூட் பகிர்வை அடைந்த பிறகு, சேவைகளை நிர்வகிக்கும் நிரலான சிஸ்டம்டி மற்றவற்றைத் தொடங்குகிறது. இவற்றில் எந்தக் கட்டத்தில் தடை ஏற்பட்டது என்பதைத் திரையின் கடைசி வரிகள் காட்டிவிடும் என்பதால், முதலில் அவற்றைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கீழுள்ளவை உபுண்டு, டெபியன் குடும்பத்துக்கானவை. கட்டளைகளை ஒலிப்படி எழுதியுள்ளேன். தட்டச்சு செய்யும்போது ஆங்கிலச் சிறிய எழுத்துகளைப் பயன்படுத்துங்கள்.

படி 1: பழைய கெர்னலை முயலுங்கள்

கணினி தொடங்கும்போது எஸ்கேப் விசையை (பழைய பயாஸ் கணினியில் ஷிஃப்ட்) அழுத்தினால் கிரப் பட்டியல் வரும். அதில் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' சென்று முந்தைய கெர்னலைத் தேர்ந்தெடுங்கள். அது இயங்கினால் கிரப்பில் குறையில்லை. புதிய கெர்னலின் அமைப்பில்தான் சிக்கல்.

படி 2: கெர்னல் பேனிக் (கெர்னல் தொடர முடியாமல் நின்றுவிடுவது)

'விஎஃப்எஸ்: அனேபிள் டு மவுண்ட் ரூட் எஃப்எஸ் ஆன் அன்நோன்-பிளாக்(0,0)' என்ற வரி வந்தால், புதிய கெர்னலுக்குரிய இனிட்ராம்எஃப்எஸ் உருவாகவில்லை அல்லது பாதியில் நின்றுவிட்டது என்று முதலில் சந்தேகிக்கலாம். கெர்னல் கோப்புகளுக்கெனத் தனியாக உள்ள பூட் பகிர்வு நிரம்பிவிடுவதே இதற்கு அடிக்கடி காரணம். பழைய கெர்னலில் நுழைந்து 'டிஎஃப் -எச்' கட்டளையால் இடத்தைப் பாருங்கள். 100 விழுக்காடு எனக் காட்டினால், 'சூடோ ஆப்ட் ஆட்டோரிமூவ்' மூலம் தேவையற்ற கெர்னல்களை நீக்குங்கள். பூட் கோப்புறையில் நேரடியாகக் கோப்புகளை அழிப்பதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன். மென்பொருள்களை நிறுவி நீக்கும் தொகுப்பு மேலாளருக்கு (ஆப்ட், டிபிகேஜி) அது தெரியாமல் போய்விடும். இடம் கிடைத்ததும் 'சூடோ டிபிகேஜி --கான்ஃபிகர் -ஏ', அடுத்து 'சூடோ அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -சி -கே' என எழுதி அதன்பின் புதிய கெர்னலின் பதிப்பெண், இறுதியாக 'சூடோ அப்டேட்-கிரப்' என்ற வரிசையில் இயக்குங்கள்.

படி 3: கருந்திரை

கிரப் பட்டியலில் 'ஈ' விசையை அழுத்தி, 'லினக்ஸ்' எனத் தொடங்கும் வரியில் 'குவயட் ஸ்பிளாஷ்' சொற்களை நீக்கி 'நோமோட்செட்' சேர்த்து, கண்ட்ரோல்+எக்ஸ் அழுத்துங்கள். இம்மாற்றம் அந்த ஒரு முறைக்கு மட்டுமே என்பதால் அஞ்ச வேண்டியதில்லை. திரை வந்துவிட்டால் கிராஃபிக்ஸ் டிரைவரைக் கவனியுங்கள்.

படி 4: 'கிரப் ரெஸ்க்யூ' திரை

பகிர்வுகளை அழித்த அல்லது மாற்றிய பிறகு, கிரப் தன் கோப்புகளைக் கண்டறிய முடியாதபோது இது வரும். நிறுவாமலேயே லினக்ஸை இயக்கும் லைவ் யூஎஸ்பியில் தொடங்குங்கள். 'சிஸ்' கோப்புறைக்குள் 'ஃபர்ம்வேர்/இஎஃப்ஐ' இருந்தால்தான் யூஇஎஃப்ஐ முறையில் நுழைந்திருக்கிறீர்கள். இதைக் கவனிக்காமல் செய்யும் பழுதுபார்ப்பு வீணாகலாம். 'எல்எஸ்பிஎல்கே -எஃப்' மூலம் பகிர்வுகளை அடையாளம் கண்டு, ரூட் பகிர்வை 'எம்என்டி' கோப்புறையிலும், தனி பூட் பகிர்வு இருந்தால் அதை அதனுள் 'பூட்'டிலும், ஃபேட்32 வடிவிலுள்ள இஎஃப்ஐ பகிர்வை 'பூட்/இஎஃப்ஐ'யிலும் மவுண்ட் செய்யுங்கள் (அதாவது இணையுங்கள்). 'டெவ்', 'ப்ராக்', 'சிஸ்' மூன்றையும் 'மவுண்ட் --ஆர்பைண்ட்' கொண்டு இணைத்து, 'சிரூட்' மூலம் வட்டில் நிறுவியுள்ள லினக்ஸுக்குள் சென்று 'கிரப்-இன்ஸ்டால்', 'அப்டேட்-கிரப்' இரண்டையும் இயக்குங்கள். பயாஸ் கணினியில் மட்டும் 'கிரப்-இன்ஸ்டால்' கட்டளையோடு முழு வட்டின் பெயரைத் தர வேண்டும். அதாவது 'எஸ்டிஏ' என்று தர வேண்டும்; பகிர்வின் பெயரான 'எஸ்டிஏ1' என்று அல்ல.

மறுதொடக்கத்துக்குப் பின்னும் வேறு இயங்குதளமே வந்தால், 'இஎஃப்ஐபூட்எம்ஜிஆர்' கட்டளை காட்டும் தொடக்க வரிசையில் லினக்ஸ் முதலில் உள்ளதா என்று பாருங்கள். இல்லையென்றால் '-ஓ' தெரிவைக் கொண்டு அதை முன்னுக்குக் கொண்டுவரலாம்.