குமரி மாவட்டத்துக்குள்ளயே கவர்மெண்ட் சோலியோ ஸ்கூல் சோலியோ வேணும்னா எங்க பாக்கணும், எப்படி போடணும்

தக்கலைல தாலுகா ஆபீஸ் பக்கத்துல ஜெராக்ஸ் கடை வச்சிருக்கேன். நான் கவர்மெண்ட் ஆளு ஒண்ணும் கிடையாது, ஆனா பன்னெண்டு வருஷமா அப்ளிகேஷன் ஃபில் பண்ணிக் குடுத்து குடுத்து யாருக்கு கிடைச்சு, யாருக்கு கிடைக்கல, எதுனால கிடைக்கலங்குறது ஓரளவுக்கு பிடிபட்டுப்போச்சு. அத தான் இங்க எழுதுதேன்.

கடைக்கு வார பிள்ளைய எல்லாம் கேக்குற முதல் கேள்வி "அண்ணா குரூப் 4 எப்ப வரும்". குரூப் 4 எழுதுங்க, வேண்டாம்னு சொல்லல. டென்த் போதும், 200 கேள்வி 300 மார்க், அதுல தமிழ் மட்டும் 100 கேள்வி, தமிழ்ல 150க்கு 60 எடுக்கலன்னா மிச்ச பேப்பரை திருத்தவே மாட்டாவ. விஏஓ, அதான் கிராம நிர்வாக அலுவலர் போஸ்டும் இப்போ இதுக்குள்ள தான் வருது. முதல்ல டிஎன்பிஎஸ்சி வெப்சைட்ல 150 ரூபா கட்டி ஒன் டைம் ரிஜிஸ்ட்ரேஷன் போட்டு வச்சுக்கிடணும், அது அஞ்சு வருஷம் ஓடும். ஆனா தமிழ்நாடு முழுக்க உள்ள ஆளுவ கூட ஓடுற ஓட்டம் அது, பாஸ் ஆனாலும் ராமநாதபுரமோ சென்னையோ எங்க போடுவாவன்னு சொல்ல முடியாது. வீட்ட விட்டு நகர முடியாத நிலைல உள்ளவங்களுக்கு, சின்ன பிள்ளைய வச்சிருக்க அம்மாமாருக்கு, வயசான அப்பாவ பாத்துக்கிடுற ஆளுக்கு அதுல என்ன பிரயோஜனம்.

அவிய பாக்க வேண்டியது வேற. நம்ம மாவட்டத்துக்குள்ளயே, சில சமயம் நம்ம பஞ்சாயத்துக்குள்ளயே ஆள் எடுக்குற போஸ்ட் நிறைய இருக்கு, அங்கன்வாடி, சத்துணவு, கிராம உதவியாளர், பஞ்சாயத்து யூனியன் ஆபீஸ்ல ஆபீஸ் அசிஸ்டென்ட், நைட் வாட்ச்மேன், ரேஷன் கடை, கோர்ட்டு, ஆஸ்பத்திரில காண்ட்ராக்ட் வேலைன்னு. இதுல பாதிக்கு படிப்ப விட உங்க வீட்டு அட்ரஸ் தான் பெரிய தகுதி. இத யாரும் சொல்லித் தர மாட்டாங்க, கோச்சிங் சென்டர்லயும் சொல்ல மாட்டாங்க, ஏன்னா இதுக்கு ஃபீஸ் வாங்க முடியாது பாருங்க.

எங்க மைனிக்கு நடந்தத சொல்லுதேன். அவிய பிறந்த வீடு கருங்கல், கட்டிக் குடுத்தது திருவிதாங்கோட்டுல. வீட்டு பக்கத்துல ஒரு ஸ்கூல், பெல் அடிச்சா அடுக்களைல நின்னா கேக்கும், அவ்வளவு பக்கம். அந்த ஸ்கூலுக்கு சத்துணவு சமையல் உதவியாளர் போஸ்ட் வந்துது. அதுக்கு டென்த் பாஸோ ஃபெயிலோ போதும், முதல் ஒரு வருஷம் மாசம் 3000 ரூபா தான், ஆனா வீட்டுக்கும் சென்டருக்கும் மூணு கிலோமீட்டருக்குள்ள இருக்கணும்னு கண்டிஷன். மைனி கையெழுத்து எல்லாம் அழகா போட்டு கொண்டு குடுத்தாச்சு. இன்டர்வியூ அன்னைக்கு மேடம் ரேஷன் கார்டை திருப்பிப் பாத்தாவ, ஆதாரைத் திருப்பிப் பாத்தாவ, ரெண்டுலயும் கருங்கல் அட்ரஸ். கல்யாணம் ஆகி ஆறு வருஷம், பேரு இன்னும் அம்மா கார்டுல கிடக்கு. "நீங்க இங்க தான் இருக்கீங்கங்குறதுக்கு பேப்பர் என்ன இருக்கு"ன்னு கேட்டாவ. மைனி ஸ்கூலை கைய காட்டி "அந்த வீடு தான் மேடம்"னு சொல்லியிருக்கு. ஃபைலை இடது பக்கம் தள்ளி வச்சிட்டாவ, அவ்வளவு தான் சோலி முடிஞ்சு. அந்த மேடத்தையும் குத்தம் சொல்ல முடியாது, அவியளுக்கு பேப்பர் தான் கண்ணு.

அதனால முதல் வேலை நோட்டிஃபிகேஷன் தேடுறது இல்ல, அட்ரஸ சரி பண்ணுறது. கல்யாணம் ஆன பிள்ளைய அம்மா வீட்டு கார்டுல பேரை நீக்கிட்டு இந்த வீட்டு கார்டுல சேருங்க, ஆதார் அட்ரஸை மாத்துங்க, வோட்டர் ஐடியயும் மாத்துங்க. போஸ்ட் வந்த பொறவு ஓடுனா பத்து பதினஞ்சு நாள் டைம்ல ஒண்ணும் நடக்காது.

அங்கன்வாடியும் அப்படித்தான், அதே ஊரு இல்லன்னா அதே பஞ்சாயத்து, அதும் இல்லன்னா பக்கத்து பஞ்சாயத்து. 2025ல எடுத்தப்போ வொர்க்கருக்கு பிளஸ் டூ கேட்டாவ, வயசு 25ல இருந்து 35, விதவை, கணவனால கைவிடப்பட்டவங்களுக்கு 40 வரைக்கும். கிராம உதவியாளர், நம்ம பாஷைல தலையாரி, அது தாலுகா கணக்கு. தாசில்தார் தான் ஆள் எடுப்பாவ. நம்ம மாவட்டத்துல இப்போ தாலுகா ஆறு, அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு பொறவு புதுசா வந்த திருவட்டாறு, கிள்ளியூர். இதுல ஒரு குழப்பம், பழைய சர்டிபிகேட்டுல கல்குளம்னு இருக்கும், ஆனா உங்க ஊரு இப்போ திருவட்டாறு தாலுகா ஆயிருக்கும், விளவங்கோட்டுக்கும் கிள்ளியூருக்கும் இதே கதை. எந்த தாலுகான்னு விஏஓ கிட்ட கேட்டுட்டு புதுசா இருப்பிட சான்று எடுத்துக்கிடுங்க. 2022ல தலையாரிக்கு ஆள் எடுத்தப்போ எழுதப் படிக்க ஒரு டெஸ்ட், அதே ஊர்க்காரனுக்கு தனி மார்க்கு, சைக்கிள் இல்லன்னா டூவீலர் ஓட்டுறதுக்கு தனி மார்க்கு. பிஇ படிச்ச பிள்ளைய ஒருபாடு பேரு வந்துருந்தாவ, இங்கிலீஷ்லயே படிச்சு வளந்துட்டு தமிழ்ல ஒரு பக்கம் பிழையில்லாம எழுத முடியாம நின்னதும் உண்டு. வீட்ல உக்காந்து உங்க ஊரைப் பத்தி, எத்தனை வார்டு, குளம் எது, கால்வாய் எது, ரேஷன் கடை எங்கன்னு ஒரு பக்கம் எழுதிப் பாருங்க, கை தானா வரும்.

இந்த நோட்டிஃபிகேஷன் எல்லாம் எங்க வருதுன்னா, ஒண்ணு கலெக்டர் ஆபீஸ் வெப்சைட்டுல ஆட்சேர்ப்புன்னு ஒரு பக்கம் இருக்கு, திங்கக்கிழமையும் வியாழக்கிழமையும் ஒரு தடவை தட்டிப் பாத்தா போதும். ரெண்டாவது யூனியன் ஆபீஸ் நோட்டீஸ் போர்டு. மாவட்டத்துல ஒம்பது யூனியன் இருக்கு, அகஸ்தீஸ்வரம், ராஜாக்கமங்கலம், தோவாளை, குருந்தன்கோடு, தக்கலை, திருவட்டாறு, கிள்ளியூர், முஞ்சிறை, மேல்புறம், இதுல உங்களுது எதுன்னு கரெக்டா தெரிஞ்சிருக்கணும், ஏன்னா ஆளு இருக்குறது ஒரு யூனியன், அப்ளிகேஷனை குடுக்குறது வேற யூனியன்னு எத்தனையோ பேரு மாத்திக் குடுத்துருக்காவ. மூணாவது பேப்பர்ல உள்ள பக்கத்துல கட்டம் கட்டி சின்னதா வரும். வாட்ஸ்அப்ல வாரதுல பாதி போன வருஷத்து நோட்டீஸு, தேதி இருக்க இடத்த வெட்டிட்டு சுத்த விடுறாவ. கடைசி தேதியும் ஆபீசர் கையெழுத்தும் இல்லாத நோட்டீஸ நம்பி 50 ரூபா கூட செலவு பண்ணாதீங்க.

ரேஷன் கடை விற்பனையாளருக்கு பிளஸ் டூ, பொட்டலம் கட்டுற கட்டுநருக்கு டென்த், எழுத்துத் தேர்வு கிடையாது, இன்டர்வியூ தான், மாவட்ட ஆள்சேர்ப்பு நிலையம்னு கூட்டுறவுத் துறைல இருந்து எடுக்காவ. விற்பனையாளருக்கு முதல் ஒரு வருஷம் 6250, பொறவு 8600ல ஸ்கேல் தொடங்கும். பஞ்சாயத்து கிளர்க்கு, அதான் ஊராட்சி செயலர், 2025 கடைசில மாநிலம் முழுக்க 1483 இடத்துக்கு ஆன்லைன்ல போட சொன்னாவ, அடிப்படை சம்பளமே 15900, இந்த லிஸ்டுலயே நல்ல சோலி அது தான்னு நான் சொல்லுவேன். கோர்ட்டு வேலைக்கு ஐகோர்ட் வெப்சைட்ல நோட்டிஃபிகேஷன் வரும், போடும்போதே மாவட்டத்த செலக்ட் பண்ணணும். ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜ், பிஎச்சி (ஆரம்ப சுகாதார நிலையம்) எல்லாத்துக்கும் நர்ஸ், லேப் டெக்னீஷியன், டேட்டா என்ட்ரி, இதெல்லாம் காண்ட்ராக்ட், பதினொரு மாசம் எழுதி வாங்குவாவ, நிரந்தரம் கேக்க மாட்டேன்னும் எழுதி வாங்குவாவ, அத தெரிஞ்சிட்டு போங்க.

எம்பிளாய்மெண்ட் ஆபீஸ் நாகர்கோவில்ல கோணத்துல இருக்கு. பதிவு இப்போ ஆன்லைன்லயே பண்ணலாம், மூணு வருஷத்துக்கு ஒருக்க புதுப்பிக்கணும், இத மறந்து சீனியாரிட்டிய தொலைச்சவங்கள எண்ண முடியாது. பழைய காலம் மாதிரி அங்க இருந்து கார்டு வந்து சோலி கிடைக்கும்னு காத்து இருக்காதீங்க, ஆனா பதிவு எண் கேக்குற அப்ளிகேஷன் இன்னும் இருக்கு. அங்கயே தன்னார்வ பயிலும் வட்டம்னு ஃப்ரீ கோச்சிங் நடத்துறாவ, இருபதாயிரம் முப்பதாயிரம் கட்டி தனியார்ல சேருறதுக்கு முன்னால ஒருக்க அங்க போய் உக்காந்து பாருங்க.

இனி ஸ்கூலு. கவர்மெண்ட் ஸ்கூல் டீச்சர் வேணும்னா ஒண்ணுல இருந்து எட்டு வரைக்கும் டெட், அதான் ஆசிரியர் தகுதித் தேர்வு பாஸ் கட்டாயம், அது போக ஆசிரியர் தேர்வு வாரியம் நடத்துற டிஆர்பி பரீட்சையும் இருக்கு, டெட் சர்டிபிகேட் இப்போ ஆயுசுக்கும் செல்லும். இது ரெண்டும் முடியுற வரைக்கும் சும்மா இருக்க வேண்டாம், பள்ளி மேலாண்மைக் குழு வழியா தற்காலிக டீச்சர் எடுப்பாவ. 2022ல தொடங்குனப்போ இடைநிலைக்கு 7500, பட்டதாரிக்கு 10000, முதுகலைக்கு 12000ன்னு குடுத்தாவ, பொறவு கூட்டினாவ. இதுக்கு ஜூன் மாசம் பக்கத்துல உள்ள அஞ்சாறு ஸ்கூலுக்கு நேர்ல போய் ஹெச்எம்ம பாத்து பயோடேட்டா குடுக்குறது தான் வழி. ஒரு ஊர்லயே ரெண்டு பேரு பிஎட் முடிச்சு இருப்பாவ, முதல்ல வாசல்ல போய் நின்ன ஆளு ஹெச்எம்முக்கு ஓர்ம இருக்கும்.

நம்ம மாவட்டத்துல எய்டட் ஸ்கூல் ஜாஸ்தி, எல்லாருக்கும் அதுல ஒரு கண்ணு உண்டு. சம்பளம் கவர்மெண்ட் குடுக்கும், ஆளை மேனேஜ்மென்ட் எடுக்கும். இங்க தான் கவனம் வேணும். எங்க கடைக்கு வார ஒரு பிள்ள, பேரு வேண்டாம், ஸ்கூல் பேரும் வேண்டாம், அப்பா ரப்பர் வெட்டு, தோட்டத்த ஈடு வச்சு பைசா குடுத்து சேந்துது. போஸ்ட் இருக்கு, அப்ரூவல் வரும் வரும்னு சொல்லி மூணு வருஷம் கவர்மெண்ட் சம்பளம் இல்லாம மேனேஜ்மென்ட் குடுத்த 4000 ரூபாய்க்கு பாடம் எடுத்துது, கடைசில பிள்ளைய எண்ணிக்கை குறைஞ்சு அந்த போஸ்டே தேவைக்கு மேலன்னு உபரி ஆயிப்போச்சு. மாசாமாசம் வந்து டிஇஓ (மாவட்டக் கல்வி அலுவலர்) ஆபீஸுக்கு ஒரு மனு ஜெராக்ஸ் எடுத்துட்டு போகும், நான் பைசா வாங்குறத நிறுத்தி ரொம்ப நாள் ஆச்சு. அதனால எய்டட்ல சேருறதுக்கு முன்னால கூச்சப்படாம மூணு கேள்வி கேளுங்க, யாரு ரிட்டயர்டு ஆன இடம் இது, அந்த போஸ்ட் சாங்ஷன் ஆனதா, இப்போ எத்தனை பிள்ளைய படிக்கு. ஆரம்பப் பள்ளில 30 பிள்ளைக்கு ஒரு டீச்சர் கணக்கு, கிளாஸ் ரூம எட்டிப் பாத்தாலே உங்களுக்கு தெரிஞ்சிரும். சிறுபான்மை ஸ்கூல்னா டெட் வேண்டாம்னு சொல்லி சேப்பாவ, அந்த விஷயத்த சுப்ரீம் கோர்ட் 2025 செப்டம்பர்ல பெரிய பெஞ்சுக்கு அனுப்பியிருக்கு, டெட்ட எழுதி பாஸ் பண்ணி வச்சிட்டா நமக்கு எந்தப் பக்கம் தீர்ப்பு வந்தாலும் தூக்கம் வரும்.

பிரைவேட் மெட்ரிக், சிபிஎஸ்இ ஸ்கூல் ஏப்ரல் மே மாசம் எடுப்பாவ, டெமோ கிளாஸ் எடுக்க சொல்லுவாவ. ஒரிஜினல் சர்டிபிகேட்ட வாங்கி பீரோல வச்சுக்கிடுற பழக்கம் சில இடத்துல இருக்கு, குடுக்காதீங்க, நடுவுல கவர்மெண்ட் இன்டர்வியூ வந்தா அத வாங்க நீங்க கால்ல விழணும்.

பேப்பர் விஷயம். டென்த், பிளஸ் டூ மார்க்லிஸ்ட், டிசி, சாதி சான்று, இருப்பிட சான்று, ரேஷன் கார்டு, ஆதார், எம்பிளாய்மெண்ட் கார்டு, விதவைன்னா அதுக்கு சான்று, மாற்றுத்திறனாளின்னா அடையாள அட்டை, தமிழ் மீடியம்னா ஒண்ணாம் கிளாஸ்ல இருந்து படிச்ச ஸ்கூல்ல எல்லாம் பிஎஸ்டிஎம் சான்று, இத்தனையும் ஒரே ஃபைல்ல ரெண்டு செட்டு ஜெராக்ஸோட எப்பவும் ரெடியா இருக்கணும். நம்ம ஊர்ல பெரிய தொல்லை பேரு தான், ஞானஸ்நான பேரு ஒண்ணு, ஸ்கூல் பேரு ஒண்ணு, மார்க்லிஸ்டுல ஸ்டெல்லா மேரி ஆதார்ல மேரி ஸ்டெல்லா, இனிஷியல் ஒண்ணுல அப்பாவுது இன்னொண்ணுல மாப்பிள்ளையோடது. மார்க்லிஸ்டுல உள்ளபடி ஆதாரை மாத்திருங்க, அது தான் லேசு. சாதி சான்றும் பழைய கைல எழுதுன கார்டா இருந்தா ஈசேவைல 60 ரூபா கட்டி புதுசு எடுங்க, பிசி எம்பிசி லிஸ்டுல கன்னியாகுமரி மாவட்டத்துக்கு மட்டும்னு தனியா குறிச்ச பேரு சிலது உண்டு, ஒரு எழுத்து மாறினா ஒதுக்கீடே மாறும். பேச்சிப்பாறை பக்கம் காணிக்கார பிள்ளைய கொஞ்சம் முன்கூட்டியே போடுங்க மக்கா, எஸ்டி சான்று தாசில்தார் தர மாட்டாவ, பத்மநாபபுரம் சப் கலெக்டர் ஆபீஸ்ல இருந்து தான் வரணும், மாசக்கணக்குல இழுக்கும்.

அப்ளிகேஷனை முடிஞ்ச வரை நேர்ல கொண்டு குடுங்க, இன்னொரு காப்பில சீல் போட்டு தேதி போட்டு வாங்குங்க. தர மாட்டேன்னு சொன்னா அங்கன தபால் பொட்டி இருக்கும், அதுல போட்டுட்டு வராம ஸ்பீட் போஸ்ட்ல அனுப்பி ரசீத பத்திரமா வச்சுக்கிடுங்க, பழைய ரிஜிஸ்டர் தபால 2025ல ஸ்பீட் போஸ்டோட சேத்துட்டாவ. யாராவது "ஆளு இருக்கு, அஞ்சு லட்சம் ரெடி பண்ணு"ன்னு சொன்னா, அவனும் ஆளு எடுக்குற அன்னைக்கு உங்கள மாதிரி வெளிய தான் நிப்பான், யாருக்காவது கிடைச்சா நான் வாங்கிக் குடுத்தேம்பான், கிடைக்காதவன் பைசா திரும்ப வர வருஷம் ஆகும், சில சமயம் வராது.

இன்டர்வியூ கடிதம் சிலது இன்னும் தபால்ல தான் வருது. உங்க ஏரியா போஸ்ட்மேன் அண்ணன் கிட்ட இன்ன மாதிரி ஒரு லெட்டர் வரும்னு சொல்லி வையுங்க, ஒரே ஊர்ல நாலு செல்வி இருந்தா வீட்டுப்பேரையும் சேத்து சொல்லுங்க.