மாமல்லபுரம் நுழைவுச்சீட்டு: யாருக்கு 40, யாருக்கு 600?

மாமல்லபுரத்தில் சீட்டு கொடுக்கும் இடத்தில் இரண்டு விலை உண்டு. இந்தியர்களுக்கு 40 ரூபாய், வெளிநாட்டவருக்கு 600 ரூபாய். 2018 ஆகஸ்டில் இந்தியத் தொல்லியல் துறை உயர்த்திய கட்டணம் இது. லண்டனிலிருந்தோ கோலாலம்பூரிலிருந்தோ வரும் தமிழ்க் குடும்பம் அங்கே நின்று, நாம் எந்தக் கணக்கில் வருகிறோம் என்று குழம்புவதை அடிக்கடி பார்க்கலாம். பேசும் தமிழையோ பூர்வீக ஊரையோ பார்த்து இதை முடிவு செய்ய மாட்டார்கள். கையில் இருக்கும் ஆவணத்தைப் பார்த்துத்தான் விலை.

இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்குச் சிக்கலே இல்லை. துபாயிலோ சிங்கப்பூரிலோ எத்தனை வருடம் இருந்தாலும் 40 ரூபாய்தான்.

வெளிநாட்டுக் குடியுரிமையோடு ஓசிஐ கார்டு (இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தரும் அட்டை) வைத்திருப்பவர்கள்தான் அதிகம் ஏமாந்து போகிறார்கள். 'நாம இப்ப ஃபாரினர்தானே' என்று அவர்களே முடிவு செய்து 600 கொடுத்துவிடுகிறார்கள். தேவையில்லை. தேசியச் சின்னங்கள், வரலாற்று இடங்கள், அருங்காட்சியகங்கள், தேசியப் பூங்காக்கள், வனவிலங்குச் சரணாலயங்கள் எல்லாவற்றிலும் ஓசிஐ வைத்திருப்பவர்களுக்கு இந்தியர்களுக்கான நுழைவுக் கட்டணமே என்று மத்திய உள்துறை அமைச்சகத்தின் 2021 மார்ச் 4 அறிவிக்கை தெளிவாகச் சொல்கிறது. நான்கு பெரியவர்கள் உள்ள குடும்பத்துக்கு இதில் 2,240 ரூபாய் வித்தியாசம் வருகிறது. ஒரு ஊரோடு நிற்காமல் சித்தன்னவாசல், திருமயம், அப்புறம் வடக்கே தாஜ்மகால் என்று சுற்றுகிறவர்களுக்கு அது பெரிய தொகை.

ஆனால் கார்டு கையில் இருக்க வேண்டும். சென்னையில் தங்கியிருக்கும் வீட்டில் பத்திரமாகப் பூட்டி வைத்துவிட்டு வந்தால் பயனில்லை. சீட்டு கேட்கும்போது ஓசிஐ கார்டை முதலில் நீட்டுங்கள், பாஸ்போர்ட்டை அவர்கள் கேட்டால் கொடுக்கலாம். வெளிநாட்டு பாஸ்போர்ட்டை முதலில் கண்டால் 600 ரூபாய்ச் சீட்டு அடித்துவிட வாய்ப்பு உண்டு, அடித்த பிறகு பணத்தைத் திரும்பப் பெறுவது கஷ்டம். குடும்பத்தில் ஒவ்வொருவருக்கும் அவரவர் கார்டு வேண்டும். கணவருடைய கார்டு மனைவிக்குச் செல்லாது.

இலங்கைத் தமிழர்கள் கவனிக்க வேண்டிய விதி இன்னொன்று. சார்க் (தெற்காசிய நாடுகளின் கூட்டமைப்பு), பிம்ஸ்டெக் (வங்காள விரிகுடாப் பகுதி நாடுகளின் கூட்டமைப்பு) நாடுகளின் குடிமக்களுக்கும் இந்தியர் கட்டணமே. இலங்கை இரண்டிலும் இருக்கிறது. அதனால் இலங்கை பாஸ்போர்ட்டில் வருகிறவர் 40 ரூபாய் கொடுத்தால் போதும். இதைக் கேட்டு வாங்குங்கள், இது உங்களுக்கு உரியது. 15 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு, எந்த நாட்டவராக இருந்தாலும், கட்டணம் கிடையாது. வயதைக் காட்ட பாஸ்போர்ட்டை வைத்துக்கொள்ளுங்கள்.

யாழ்ப்பாணத்திலிருந்து அம்மம்மாவும் டொரன்டோவிலிருந்து மகளும் பேரனும் சென்னையில் சந்தித்து மாமல்லபுரம் போகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இலங்கை பாஸ்போர்ட் வைத்திருக்கும் அம்மம்மாவுக்கு 40. கனடா பாஸ்போர்ட் மட்டும் உள்ள மகளுக்கு 600. பத்து வயதுப் பேரனுக்கு இலவசம். ஒரே வீட்டு மனிதர்கள் மூன்று விதமாக உள்ளே போகிறார்கள். போர் துரத்தி நாடு மாற நேர்ந்தவர்களுக்கு இது வலிக்கும் என்பது எனக்குப் புரிகிறது. ஓசிஐயும் இல்லாதபோது அந்த 600 ரூபாயைத் தவிர்க்க நேர்வழி இல்லை. தமிழில் பேசி 40 ரூபாய்ச் சீட்டு வாங்கிக்கொள்ளலாம் என்று சிலர் சொல்லித்தருவார்கள். 'நான் எடுத்துத் தர்றேன்' என்று வண்டி ஓட்டுபவரோ வழிகாட்டியோ முன்வருவதும் உண்டு. வேண்டாம். வாசலில் நிற்கும் ஊழியர் ஆவணம் கேட்டால் பெரியவர்கள் முன்னால் தலைகுனிவு, புதிதாகச் சீட்டும் எடுக்க வேண்டும்.

இணையத்தில் எடுத்தால் கொஞ்சம் குறையும்: இந்தியருக்கு 35, வெளிநாட்டவருக்கு 550. வெளிநாட்டு வங்கி கார்டு சில நேரம் ஒத்துழைக்காது, கூட வரும் சொந்தக்காரரின் ஜீபே அந்த இடத்தில் கைகொடுக்கும். விலை மாறியிருக்கிறதா என்று கிளம்புவதற்கு முன் தொல்லியல் துறையின் தளத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். வீடியோ கேமராவுக்கு 25 ரூபாய் தனி. ஏப்ரல் 18 உலக பாரம்பரிய தினம், நவம்பர் 19 உலக பாரம்பரிய வாரத்தின் முதல் நாள். இந்த இரண்டு நாளும் கட்டணம் இல்லை, கூட்டமும் அதற்கேற்ப இருக்கும்.

எடுத்த சீட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். கடற்கரைக் கோயிலுக்கு எடுத்ததே அன்று முழுவதும் ஐந்து ரதத்துக்கும் வெண்ணெய் உருண்டைப் பாறை இருக்கும் குன்றுப் பகுதிக்கும் செல்லும். ஒவ்வொரு வாசலிலும் கேட்பார்கள். 600 கொடுத்தவர்கள் இதைத் தெரிந்துகொள்வது முக்கியம், ஒரு மணி நேரத்தில் கடற்கரைக் கோயிலை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பினால் அந்தப் பணம் வீண். காலையில் வெயில் ஏறுவதற்குள் கடற்கரைக் கோயில், பிறகு தெற்கே ஐந்து ரதம், மாலையில் குன்று என்று வைத்துக்கொண்டால் நிதானமாகப் பார்க்கலாம். அர்ச்சுனன் தபசைத் தெருவில் நின்றே பார்க்கலாம். என்னைக் கேட்டால் அந்த ஊரில் அதிக நேரம் நிற்க வேண்டிய இடம் அதுதான்.

தொல்லியல் துறைச் சீட்டு எல்லா இடத்துக்கும் செல்லாது. கலங்கரை விளக்கத்துக்கு வேறு துறை, வேறு சீட்டு. வண்டி நிறுத்த வசூலிப்பதும் தனி, ரசீது கேட்டு வாங்குங்கள். வரும் வழியில் முட்டுக்காட்டில் தட்சிணசித்ரா, வடநெம்மேலியில் முதலைப் பண்ணை என்று இறங்கினால் அவை அறக்கட்டளைகள் நடத்துபவை, அவர்கள் வைத்ததே விலை. தட்சிணசித்ராவுக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை.

ஊர் நடுவே இருக்கும் தலசயனப் பெருமாள் கோயில், பூதத்தாழ்வார் அவதரித்த ஊரின் திவ்யதேசம், வழிபாட்டுக் கோயில் என்பதால் உள்ளே போக நுழைவுச்சீட்டு இல்லை. தஞ்சைப் பெரிய கோயில், கங்கைகொண்ட சோழபுரம், தாராசுரம் மூன்றும் இப்படித்தான். அவையும் யுனெஸ்கோ பட்டியலில் இருப்பவை, தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருப்பவை. ஆனால் பூசை நடப்பதால் எந்த பாஸ்போர்ட்டுக்கும் கட்டணம் கிடையாது. ஓசிஐ இல்லாத பெரிய குடும்பமாக வந்து செலவை யோசிக்கிறீர்கள் என்றால், மாமல்லபுரத்துக்கு ஒரு முழு நாள் கொடுத்துவிட்டு மிச்ச நாட்களைக் காவிரிக்கரைப் பக்கம் திருப்பிவிடுங்கள்.