பழைய பைக் குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் ஆகவில்லையா? முதலில் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள்

கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் பாகம்) உள்ள பழைய பைக், சூடாக இருக்கும்போது ஒரே உதையில் ஸ்டார்ட் ஆகி, இரவு முழுவதும் நின்றபின் மட்டும் அடம்பிடித்தால், எஞ்சின் நன்றாக ஆறியிருக்கும்போதே அதைச் சோதிக்க வேண்டும். குளிர்ந்த எஞ்சினில் பெட்ரோல் சரியாக ஆவியாகாது. அந்தக் குறையை ஈடுகட்டக் கூடுதல் பெட்ரோல் சேர்ந்த கலவையைத் தருவதே சோக்கின் வேலை. ஆகவே சோக் லிவரை இழுத்து, கார்புரேட்டர் பக்கத்திலும் அது முழுமையாக நகர்கிறதா என்று பாருங்கள்.

அடுத்து, சோக்கைப் போட்டு, ஆக்சிலரேட்டரைத் திருகாமல் ஐந்தாறு முறை உதைத்துவிட்டு, உடனே ஸ்பார்க் பிளக்கைக் கழற்றுங்கள். எந்தப் பாகத்தையும் வாங்கி மாற்றுவதற்கு முன் இதை அவசியம் செய்யுங்கள், ஏனெனில் கோளாறு எந்தப் பக்கம் என்பதைப் பிளக்கின் முனையே பெரும்பாலும் காட்டிவிடும்.

முனை உலர்ந்திருந்தால் பெட்ரோல் போதிய அளவு உள்ளே வரவில்லை. கார்புரேட்டரில் பெட்ரோல் தேங்கும் கிண்ணமான ஃப்ளோட் பவுலின் அடியிலுள்ள திருகைத் தளர்த்துங்கள்; பெட்ரோல் வராவிட்டால் டேங்கிலிருந்து வரும் வழியிலோ, அந்தக் கிண்ணத்துக்குள் பெட்ரோலை விடும் ஃப்ளோட் வால்விலோ அடைப்பு இருக்கலாம், தாராளமாக வந்தால் சோக் வழியையும் பைலட் ஜெட்டையும் (ஆக்சிலரேட்டரைத் திருகாதபோது பெட்ரோல் வரும் சிறு துளை) சுத்தம் செய்ய வேண்டும். வண்டி பல வாரங்கள் நின்றிருந்தால், பெட்ரோலில் எளிதில் ஆவியாகும் பகுதி முதலில் போய்விட்டிருக்கும் என்பதால், கார்புரேட்டரைப் பிரிப்பதற்கு முன் பழையதை வடித்துவிட்டுப் புதியதை ஊற்றிப் பார்ப்பதே நல்லது.

முனை நனைந்திருந்தால் தீப்பொறியைச் சந்தேகியுங்கள். பிளக்கைத் துடைத்து, அதன் முனையிலுள்ள இடைவெளியை அளந்து (பல வண்டிகளில் 0.6 முதல் 0.8 மி.மீ.; சரியான அளவு வண்டியின் கையேட்டில் இருக்கும்), மறுபடி பிளக் வயரின் மூடியில் செருகி, அதன் உலோக உடல் எஞ்சினைத் தொடும்படி வைத்து உதையுங்கள். பிளக் துளையிலிருந்து வரும் பெட்ரோல் ஆவி தீப்பிடிக்கக்கூடும். துளையை மூடிவிட்டு, பிளக்கை அதிலிருந்து தள்ளியே வையுங்கள், வெறுங்கையால் பிடிக்காதீர்கள். நீலமாகச் சடசடக்கும் பொறி நல்லது. மெலிந்த மஞ்சள் பொறி வெளியே தெரிந்தாலும், சிலிண்டருக்குள் அழுத்தத்தில் அணைந்துபோகலாம். பொறி நன்றாக இருந்தும் பிளக் நனைந்தே வந்தால் பெட்ரோல் மிகுந்துவிட்டது: சோக்கை எடுத்து, ஆக்சிலரேட்டரை முழுவதும் திறந்து சில முறை உதையுங்கள்.

செல்ஃப் ஸ்டார்ட் வண்டியில், பட்டனை அழுத்தும்போது 12 வோல்ட் பேட்டரி 10 வோல்ட்டுக்கும் கீழே இறங்கினால் பேட்டரியை முதலில் கவனியுங்கள்.

இவையெல்லாம் சரியாக இருந்தால், மிச்சமிருப்பது பலரும் மறந்துவிடும் டேப்பெட், அதாவது வால்வுக்கும் அதைத் தள்ளித் திறக்கும் பாகத்துக்கும் நடுவிலுள்ள சிறு இடைவெளி. இந்த இடைவெளி மிகக் குறைந்திருந்தால் வால்வு முழுமையாக மூடாமல் அழுத்தம் கசியும். ஃபீலர் கேஜ் (இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடுகள்) கொண்டு, எஞ்சின் ஆறியிருக்கும்போதே அளந்து சரிசெய்யுங்கள். பிறகு ஒரு முறை ஸ்டார்ட் ஆனதை வைத்து முடிவுசெய்யாமல், மறுநாள் காலையில் மீண்டும் உதைத்துப் பாருங்கள்.