மெய்நிகர் கைபேசி திறக்காதபோது நான் செய்தது

முதல் செயலியை எழுதி முடித்ததும், அதனை ஓட்டிப் பார்ப்பதற்காக ஆண்ட்ராய்டு செயலிகளை எழுத உதவும் மென்பொருளான ஆண்ட்ராய்டு ஸ்டூடியோவின் டிவைஸ் மேனேஜரில் ஒரு மெய்நிகர் கைபேசியை உருவாக்கினேன்; ஆனால் அக்கைபேசியைக் கணினியில் இயக்கிக் காட்டும் எமுலேட்டர் தொடங்கிய உடனேயே நின்றுவிட்டது. இந்நிலையில் பலரும் மென்பொருளை நீக்கிவிட்டு மீண்டும் நிறுவுகிறார்கள். அதற்குமுன் விண்டோஸின் டாஸ்க் மேனேஜரில், சிபியு விவரங்களின் கீழ் உள்ள விர்ச்சுவலைசேஷன் (ஒரு கணினிக்குள் இன்னொரு மெய்நிகர் கருவியை இயக்க உதவும் சிபியு வசதி) என்ற வரியைப் பார்ப்பதே சரியான தொடக்கம் என்பது என் கருத்து.

என் கணினியில் அது முடக்கப்பட்டிருந்தது. கணினியை மறுதொடக்கம் செய்து விண்டோஸ் எழும் முன்பே திறக்கும் பயாஸ் அமைப்புக்குள் சென்று, இன்டெல் சிபியுவில் விடி-எக்ஸ் என்றும் ஏஎம்டி சிபியுவில் எஸ்விஎம் என்றும் பொதுவாகக் குறிக்கப்படும் அவ்வசதியை இயக்கி, பின்னர் விண்டோஸ் ஃபீச்சர்ஸ் பட்டியலில், எமுலேட்டர் அவ்வசதியைப் பயன்படுத்த வழிசெய்யும் விண்டோஸ் ஹைப்பர்வைசர் பிளாட்ஃபார்மையும் தேர்ந்தெடுத்து மீண்டும் தொடங்கியபோது, கைபேசித் திரை தடையின்றித் தோன்றியது. மெய்நிகர் கைபேசியில் ஏற்றப்படும் ஆண்ட்ராய்டு இயங்குதளக் கோப்பான சிஸ்டம் இமேஜும் கணினியின் சிபியு வகைக்குப் பொருந்த வேண்டும். இன்டெல், ஏஎம்டி இரண்டிற்கும் எக்ஸ்86-64 வகையே உரியது.

திரை பிறகு எப்போதேனும் உறைந்தால், கோல்டு பூட் முறையில் தொடங்கினால் போதும். சேமித்த பழைய நிலையை விட்டுவிட்டு அது புதிதாக எழும். செயலி உங்கள் கணினியிலேயே ஓடும் சர்வரை அணுக வேண்டுமெனில், மெய்நிகர் கைபேசிக்குள் அக்கைபேசியையே குறிக்கும் லோக்கல்ஹோஸ்டுக்குப் பதிலாக 10.0.2.2 என்ற முகவரியை எழுதுங்கள்.