ஆல்டர்னேட்டர் மாற்றியும் சார்ஜ் ஏறாத பழைய கார்: எங்கே பார்க்க வேண்டும்?

கோவை, ஈரோடு பக்கம் இன்னும் பேணி ஓட்டப்படும் அம்பாசடர், பத்மினி கார்களில், ஆல்டர்னேட்டரை (எஞ்சின் ஓடும்போது மின்சாரம் தயாரித்துப் பேட்டரியை ஏற்றும் கருவி) மாற்றிய சில நாட்களிலேயே பேட்டரி இறங்கிவிட்டால், பழி உடனே ஆல்டர்னேட்டரின் மீது விழுகிறது. அதைக் கழற்றி ரீவைண்டிங் கடைக்குக் கொண்டுபோவதற்கு முன், வயரையும் எர்த்தையும் (வண்டியின் உலோக உடல் வழியாகப் பேட்டரியின் நெகட்டிவுக்குத் திரும்பும் இணைப்பு) சோதிப்பதே முறை.

இறங்கிய பேட்டரியைத் தனி சார்ஜரில் முழுமையாக ஏற்றிய பிறகே சோதனையைத் தொடங்க வேண்டும். எஞ்சின் நின்றிருக்கும்போது மல்டிமீட்டரில் (வோல்ட் அளக்கும் கருவி) சுமார் 12.6 வோல்ட் காட்டும் பேட்டரி, எஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை காட்டினால் சார்ஜ் ஏறுகிறது என்று பொருள். 15 வோல்ட்டைத் தாண்டினால், வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரைச் சந்தேகிக்கலாம்.

சாவியைத் திருப்பியதும், எஞ்சின் ஓடாத நிலையில், சார்ஜ் விளக்கு எரிய வேண்டும். பல ஆல்டர்னேட்டர்களில் அந்த பல்பின் வழியாக வரும் சிறு மின்னோட்டமே உற்பத்தியைத் தொடங்கி வைக்கிறது. ஆகவே பல்பு எரியாவிட்டால், அதற்கான மெல்லிய வயரை ஆல்டர்னேட்டரிலிருந்து கழற்றி எர்த்தில் தொட்டுப் பாருங்கள். அப்போது எரிந்தால் குறை, ஆல்டர்னேட்டரின் சுழலும் பாகத்துக்கு மின்சாரம் கொடுக்கும் கார்பன் பிரஷ்ஷிலோ ரெகுலேட்டரிலோ இருக்கிறது; அப்போதும் எரியாவிட்டால் பியூஸ், பல்பு, வயர் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். அந்த இடத்தில் எல்இடி பல்பு போடுவதை நான் ஏற்கவில்லை. அதன் வழியே போதிய மின்னோட்டம் செல்லாது.

என் கணிப்பில், அதிகம் கவனிக்கப்படாத இடம் எர்த். புதிதாகப் பெயிண்ட் அடித்த பிராக்கெட்டில் ஆல்டர்னேட்டரை இறுக்கினால், அந்தப் பெயிண்டே மின்சாரத்தைத் தடுக்கக்கூடும். போல்ட் உட்காரும் இடத்தை உப்புத்தாளால் தேய்த்து, வெறும் இரும்பு பளிச்சென்று தெரியச் செய்ய வேண்டும். அதற்குப் பின், ஹெட்லைட்டை எரியவிட்டு எஞ்சினைச் சற்று வேகமாக ஓட்டி, ஆல்டர்னேட்டர் உடலுக்கும் பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் இடையே மல்டிமீட்டரை வைத்தால் 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டக் கூடாது. ஆல்டர்னேட்டரின் தடித்த வயர் முனைக்கும் பேட்டரி பாசிட்டிவுக்கும் இடையே 0.3 வோல்ட்டைத் தாண்டினால், வயர் மெல்லியது அல்லது முனை பூத்திருக்கிறது.

டைனமோவை (ஆல்டர்னேட்டருக்கு முந்தைய மின் உற்பத்திக் கருவி) எடுத்துவிட்டு ஆல்டர்னேட்டர் பொருத்திய வண்டியில், பேட்டரி மின்சாரம் டைனமோவுக்குத் திரும்பாமல் துண்டித்த பழைய கட்-அவுட் பெட்டியின் இணைப்பு மிச்சமிருக்கலாகாது. பெல்ட்டை நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் ஏறத்தாழ 10 மில்லிமீட்டர் இறங்கலாம். புல்லிகள் ஒரே நேர்க்கோட்டில் இருக்க வேண்டும்.

சோதனைக்காக, ஓடும் எஞ்சினில் பேட்டரி டெர்மினலைக் கழற்றும் பழக்கத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். அதனால், ஆல்டர்னேட்டருக்குள் மின்சாரத்தை ஒரே திசையில் விடும் டயோடுகள் எரிந்துபோகக்கூடும். ஆழியாறிலிருந்து வால்பாறை ஏறும் 40 கொண்டை ஊசி வளைவுகளுக்கு வண்டியை எடுக்கும் முன், ஹெட்லைட், வைப்பர் இரண்டையும் போட்டுக்கொண்டு ஐடிலுக்குச் சற்று மேலான வேகத்தில் 13.5 வோல்ட் நிற்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.