ஒரே ஒரு செல், 5 வோல்ட்: பூஸ்ட் சர்க்யூட் எங்கே சறுக்குகிறது?

குறைந்த வோல்ட்டை உயர்த்தித் தரும் பூஸ்ட் சர்க்யூட்டை வைத்து ஏஏ செல் ஒன்றிலிருந்து 5 வோல்ட் எடுக்க நினைப்பவர்கள் வெளியே வரும் வோல்ட்டையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். செல்லிலிருந்து எவ்வளவு கரண்ட் போகிறது என்று பார்ப்பதில்லை. மற்ற தவறுகளில் பாதி இதிலிருந்துதான் கிளம்புகின்றன.

5 வோல்ட்டில் 100 மில்லி ஆம்பியர் என்றால் அரை வாட். சர்க்யூட்டின் திறன் 80 சதவீதம் என்றால் செல் 0.625 வாட் தர வேண்டும். 1.2 வோல்ட்டில் அது ஏறக்குறைய 520 மில்லி ஆம்பியர். செல் 0.9 வோல்ட்டுக்கு இறங்கினால் 700-ஐ நெருங்கும். அதற்குள் செல்லின் உள்தடையும் கூடியிருக்கும். வோல்ட் விழ விழ சர்க்யூட் இன்னும் அதிகமாக இழுக்கும், கடைசியில் படுத்துவிடும். செல்லைக் கழற்றி அளந்தால் வோல்ட் மீண்டும் ஏறியிருக்கும். "செல் நல்லாத்தானே இருக்கு" என்று சர்க்யூட்டை இயக்கும் ஐசியை (சிப்பை) மாற்றுவார்கள், பாவம்.

அடுத்தது எம்டி3608 மாட்யூல், அதாவது ரெடிமேடாகக் கிடைக்கும் பூஸ்ட் போர்டு. அதற்குக் குறைந்தது 2 வோல்ட் உள்ளே வர வேண்டும். ஒற்றை செல்லில் அதன் வோல்ட்டைச் சரிசெய்யும் திருகை எவ்வளவு திருப்பினாலும் பயன் இல்லை. எம்சிபி1640 போன்ற ஐசிகள் 0.65 வோல்ட்டிலேயே கிளம்பும், ஆனால் அது 1 மில்லி ஆம்பியர் லோடுக்கான கணக்கு. முழு லோடை மாட்டிவிட்டு ஆன் செய்தால் கிளம்பாமல் திணறலாம்.

இண்டக்டரில் (ஆற்றலைச் சேமித்துத் தரும் கம்பிச்சுருள்) மைக்ரோஹென்றி அளவை மட்டும் பார்த்தால் போதாது. ரெசிஸ்டர் போலவே இருக்கும் சின்ன வகையில் கம்பியின் தடை 1 ஓம் இருந்தால், அரை ஆம்பியர் போகும்போது அதிலேயே அரை வோல்ட் போய்விடும். இருப்பதே 1.2 தான்! இன்னொன்று, இண்டக்டரில் ஓடும் உச்ச கரண்ட் சராசரியைவிட அதிகம். அந்த உச்சத்தில் சுருளின் நடுவிலுள்ள காந்தக் கோர் நிறைவடைந்தால் இண்டக்டன்ஸ் சரிந்து, வெறும் கம்பி மாதிரி ஆகிவிடும். தடை குறைவாகவும் கரண்ட் தாங்கும் அளவு தாராளமாகவும் உள்ளதையே எடுங்கள்.

டையோடாக 1என்4007 வேண்டாம். இந்த வேகத்துக்கு அது மிக மந்தம். 1என்5819 மாதிரி வேகமான ஷாட்கி வகை டையோடு போடுங்கள். சாலிடர் இல்லாமல் செருகும் பிரெட்போர்டும் இதற்குச் சரிவராது.

ஜூல் தீஃப் என்ற எளிய பூஸ்ட் வகை, எல்இடி எரிக்க அருமையான சர்க்யூட். அதில் வோல்ட் கட்டுப்பாடு கிடையாது, எல்இடியைக் கழற்றினால் வெளியீடு பல மடங்கு எகிறும். அதில் மைக்ரோகண்ட்ரோலரை மாட்டாதீர்கள்.

அப்புறம் அளவீடு. செல்லுக்கும் சர்க்யூட்டுக்கும் நடுவே மல்டிமீட்டரை மில்லி ஆம்பியர் ரேஞ்சில் வைத்தால், அதன் உள்தடையே சர்க்யூட்டை நிறுத்திவிடலாம். 10 ஆம்பியர் ரேஞ்சுக்கு மாற்றி, குட்டை வயர்களால் அளந்து பாருங்கள்.

சாதாரண பூஸ்ட் சர்க்யூட்டில் ஐசியை ஆஃப் செய்தாலும் செல்லிலிருந்து இண்டக்டர், டையோடு வழியாக லோடுக்குப் பாதை திறந்தேதான் இருக்கும். ஸ்விட்சைச் செல் பக்கம் வையுங்கள். இடம் இருந்தால், பேசாமல் இரண்டு செல்களாகப் போட்டுவிடுங்கள்.