கலை ஆய்வு நிதி: விண்ணப்பத்தில் நாம் சறுக்கும் இடங்கள்

திருகோணமலையில் நாடகம் போடுபவர், ஓவியம் வரைபவர், குறும்படம் எடுப்பவர், கூத்துப் பழகுபவர் என்று எத்தனையோ பேர் எந்த நிறுவனத்தையும் சாராமல் வேலை செய்கிறார்கள். காசு தேவை என்றதும் அவர்களுக்கு முதலில் நினைவு வருவது மேடைச் செலவு, ஒலிபெருக்கி வாடகை, அச்சுக்கூலி. ஒரு யோசனையை வைத்துக்கொண்டு சில மாதங்கள் தேடிப் பார்க்கவும், செய்து பார்க்கவும், சரிவராவிட்டால் கலைத்துவிட்டு மறுபடி தொடங்கவும் காசு தருகிற நிதிகள் இருக்கின்றன என்பது பலருக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் சிலர் விண்ணப்பித்து மறுப்புக் கடிதம் வாங்கியிருக்கிறார்கள். அவர்களிடம் திறமைக்குக் குறைவில்லை, கேட்கும் விதத்தில்தான் பிழை நடக்கிறது. அதைத் திருத்தலாம் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

இந்த வகை நிதி எப்படிப்பட்டது என்பதற்கு இரண்டு உதாரணங்கள். இங்கிலாந்தின் கலை மன்றம் தனிக் கலைஞர்களுக்கென ஒரு நிதி வைத்திருக்கிறது. 2,000 பவுணிலிருந்து 12,000 பவுண் வரை தருகிறார்கள். புதிதாக ஒன்றைத் தேட, கற்க, பரிசோதிக்க, ஒரு மூத்த கலைஞரிடம் வழிகாட்டல் பெற அந்தக் காசைச் செலவழிக்கலாம். ஆனால் அது இங்கிலாந்தில் வாழும் கலைஞர்களுக்கு மட்டும். நமக்குப் பொருந்தக்கூடியது நெதர்லாந்தின் பிரின்ஸ் கிளாவுஸ் நிதியம் வழங்கும் சீட் விருது. ஆசியா, ஆபிரிக்கா, இலத்தீன் அமெரிக்கா, கரீபியன், கிழக்கு ஐரோப்பா ஆகிய பகுதிகளில் கலைவாழ்வின் முதல் ஐந்து வருடங்களில் இருப்பவர்களுக்கு 5,000 யூரோ. ஒரு திட்டத்தை முடித்துக் காட்டு என்று சொல்லித் தருகிற காசு அல்ல இது. கலைஞர் தன் வேலையை அடுத்த கட்டத்துக்குக் கொண்டுபோகத் தருவது.

இரண்டிலும் வாங்கப்படுவது கலைஞரின் நேரம். இதைப் பிடித்துக்கொண்டால் கீழே வரும் பிழைகளில் பாதி தானாக விலகும்.

என்ஜிஓ பாணியில் எழுதுவது

நமது மாவட்டத்தில் புரபோசல் எழுதக் கற்றவர்களில் பெரும்பாலானோர் அதைத் தொண்டு நிறுவனங்களிடம்தான் கற்றார்கள். 2004 சுனாமிக்குப் பிறகும், 2009இல் போர் முடிந்த பிறகும் இங்கே நிவாரண, அபிவிருத்தித் திட்டங்கள் நிறைய நடந்தன. நோக்கம், பயனாளிகளின் தொகை, எதிர்பார்க்கும் பெறுபேறு, செயற்பாட்டு அட்டவணை என்று எழுதும் பழக்கம் அங்கிருந்து வந்தது. கிணறு கட்டவும் வீடு திருத்தவும் அந்த முறை சரி. எத்தனை கிணறு, எத்தனை குடும்பம் என்று முன்கூட்டியே சொல்லத்தான் வேண்டும்.

கலை ஆய்வு நிதிக்கு அதே பாணியில் எழுதினால் என்ன நடக்கிறது என்று பாருங்கள். மீனவர்கள் கரையில் நின்று கரைவலை இழுக்கும்போது கூட்டாகப் பாடும் அம்பாப் பாடல்களைப் பற்றி ஒரு நாடகக் கலைஞர் வேலை செய்ய விரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் இப்படி எழுதுகிறார்:

“அழிந்துவரும் பாரம்பரிய அம்பாப் பாடல்களைப் பாதுகாத்தல், இளைஞர்களிடையே விழிப்புணர்வை ஏற்படுத்தல், 200 பாடசாலை மாணவர்களுக்குச் செயலமர்வு நடத்துதல், இறுவட்டு வெளியிடுதல், இறுதியில் மாபெரும் மேடை நிகழ்வு.”

இதைப் படிக்கும் தெரிவுக்குழுவுக்கு இரண்டு சந்தேகம் வரும். எல்லாம் முன்கூட்டியே முடிவாகிவிட்டது என்றால் இதில் தேடுவதற்கு என்ன இருக்கிறது? இந்த வரிகளை யாரும் எழுதியிருக்கலாமே, இந்த மனிதர் எங்கே? இனி அதே கலைஞர் இப்படி எழுதினால்:

“அம்பாப் பாட்டின் மூச்சை வலையின் பாரம்தான் தீர்மானிக்கிறது. இழுக்கும்போது ஒரு சொல், கயிற்றை மாற்றிப் பிடிக்கும் இடைவெளியில் ஒரு சொல். இப்போது சில கரைகளில் உழவு இயந்திரத்தில் பூட்டிய வின்ச் வலையை இழுக்கிறது. கை இழுக்காதபோது அந்தத் தாளம் உடம்பில் எவ்வளவு காலம் தங்குகிறது? கடலுக்கே போகாத ஒரு நடிகர் கயிறும் பாரமும் இல்லாமல் அதே மூச்சை வரவழைக்க முடியுமா? நான்கு மாதம் கரையில் இருந்து கேட்டு, என் உடம்பில் செய்து பார்க்க விரும்புகிறேன். இது நாடகமாக வருமா, வெறும் ஒலிப்பதிவாக நிற்குமா என்பது இப்போது தெரியாது.”

இரண்டாவதில் ஒரு கேள்வி இருக்கிறது. அந்தக் கேள்வியை அந்த இடத்தில், அந்தப் பயிற்சியோடு இருக்கும் ஒருவர்தான் கேட்க முடியும். “இப்போது தெரியாது” என்ற வரியை எழுத நம்மவர்கள் மிகவும் தயங்குகிறார்கள், பலவீனம் என்று நினைத்து அழித்துவிடுகிறார்கள். ஆய்வு நிதி இருப்பதே அந்த வரிக்காக. எதைச் செய்து பார்ப்பீர்கள், எந்த ஒழுங்கில், யாரோடு என்பதைத் துல்லியமாகச் சொல்லுங்கள். என்ன கிடைக்கும் என்பதைத் திறந்து விடுங்கள். இரண்டையும் குழப்பி, முடிவைத் துல்லியமாகவும் வேலையை மேலோட்டமாகவும் எழுதுவதுதான் நான் பார்த்த விண்ணப்பங்களில் அடிக்கடி வரும் பிழை.

எல்லாவற்றையும் போரிலிருந்து தொடங்குவது

இது கொஞ்சம் சங்கடமான விஷயம், ஆனாலும் சொல்ல வேண்டும். வெளிநாட்டு நிதி என்றதும் முதல் பந்தியில் போர், சுனாமி, இடப்பெயர்வு. அடுத்த பந்தியில் மூவின நல்லிணக்கம். உங்கள் வேலை உண்மையில் அதைப் பற்றியது என்றால் தாராளமாக எழுதுங்கள். தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் வாழும் மாவட்டம் இது, இங்கே வேலை செய்யும் யாருக்கும் அந்தக் கேள்விகள் வெளியே இல்லை. ஆனால் நிறங்களையோ ஒலியையோ கோயில் சிற்பத்தையோ பற்றி யோசிக்கிற ஒருவர், நிதி கிடைக்கும் என்பதற்காகத் தன் துயரத்தை முன்னால் கொண்டுவந்து வைக்கத் தேவையில்லை. கோணேசர் கோயில் நிற்கும் சுவாமி மலையின் பாறை வெளிச்சத்தில் நிறம் மாறுவதைப் பற்றி ஆய்வு செய்ய நமக்கும் உரிமை உண்டு. அந்த உரிமையை நாமே விட்டுக்கொடுத்துவிட்டால் வேறு யார் கேட்பார்கள்?

பொருந்தாத கதவைத் தட்டுவது

தகுதி விதிகளைக் கடைசியில் படிப்பவர்கள் நிறைய. பெங்களூரில் 1993இல் தொடங்கிய இந்திய கலை நிதியம் கலை ஆய்வுக்கு நல்ல ஆதரவு தருகிறது, ஆனால் இந்தியக் குடிமக்களுக்கு. பிரித்தானிய நூலகத்தின் அருகிவரும் ஆவணங்கள் திட்டம் இலங்கையிலிருந்தும் விண்ணப்பிக்கக் கூடியது. ஆனால் அது பழைய ஏடுகள், பதிவேடுகள், புகைப்படங்களை இலத்திரனியல் வடிவுக்கு மாற்றத் தருகிற காசு. ஏட்டைப் பார்த்து ஓவியம் வரைய அங்கே கேட்க முடியாது. விதிகளில் நாடு, வயது அல்லது அனுபவக் காலம், தனிநபரா அமைப்பா, மாணவர் விண்ணப்பிக்கலாமா என்ற நான்கையும் முதல் நாளே பார்த்துவிடுங்கள்.

அமைப்புகளுக்கு மட்டும் தரும் நிதிக்காகவே அவசரமாக ஒரு சங்கம் பதிவு செய்யவும் வேண்டாம். தலைவர், செயலாளர், பொருளாளர், வருடாந்தக் கணக்கு என்று அதன் சுமை நிதி முடிந்த பிறகும் தொடரும்.

காற்றையும் அனுமதியையும் மறந்த அட்டவணை

இந்தப் பிழையை வெளியூர்க்காரர் செய்தால் மன்னிக்கலாம். நாமே செய்வதுதான் கவலை. நவம்பர் முதல் ஜனவரி வரை வாடைக்காற்றும் மழையும். அந்த மாதங்களில் நமது கரையில் கரைவலைத் தொழில் நடக்காது. தென்மேற்கிலிருந்து சோளகம் வீசும் காலத்தில்தான் இந்தப் பக்கக் கடல் அமைதியாக இருக்கும். மேற்குக் கரையிலிருந்து மீனவர்கள் வந்து வாடி (தற்காலிகக் குடிசை) போடுவதும் அப்போதுதான். நிதி டிசம்பரில் கைக்கு வரும் என்பதால் “டிசம்பர்–பெப்ரவரி: கள ஆய்வு” என்று எழுதிவிட்டால் அந்த மூன்று மாதத்தில் பெரும்பகுதி வீட்டில் இருந்து மழையைத்தான் பார்க்க வேண்டும். அந்தக் காலத்தை வாசிப்புக்கும் பழைய ஒலிப்பதிவுகளைக் கேட்பதற்கும் வைத்துக்கொண்டு, கடற்கரை வேலையை ஏப்ரலுக்குப் பின் போடுங்கள். ஏன் அப்படிப் போட்டிருக்கிறீர்கள் என்று ஒரு வரியும் சேருங்கள். ஊரை அறிந்தவர் எழுதியது என்பது தெரிவுக்குழுவுக்கு அந்த ஒரு வரியிலேயே தெரிந்துவிடும்.

அனுமதியும் அப்படித்தான். பிரெட்ரிக் கோட்டைக்குள் இராணுவம் இருக்கிறது, துறைமுகத்தின் பெரும் பகுதி கடற்படைக்குக் கீழே. புறாத்தீவு தேசிய பூங்கா என்பதால் அங்கே வனசீவராசிகள் திணைக்களத்தின் விதிகள் உண்டு. கமராவோடு, அதிலும் ட்ரோனோடு போக நினைப்பவர்கள் அனுமதிக்கு வாரக்கணக்கில் ஒதுக்க வேண்டும். அனுமதி கிடைக்காவிட்டால் என்ன செய்வீர்கள் என்பதையும் எழுதிவையுங்கள்.

உங்கள் பெயர் இல்லாத செலவுக் கணக்கு

செலவுப் பட்டியலைப் பார்த்தால் கமரா வாடகை இருக்கும், மூதூருக்கும் கிண்ணியாவுக்கும் போகும் பஸ் காசு இருக்கும், தேநீர்ச் செலவு கூட இருக்கும். கலைஞருக்கான ஊதியம் இருக்காது. ‘காசுக்காகச் செய்கிறேன் என்று நினைத்துவிடுவார்கள்’ என்ற கூச்சம் அது. நான் மேலே சொன்னதுபோல இந்த நிதி உங்கள் நேரத்துக்கானது. நான்கு மாதம் வேறு வேலையைக் குறைத்துக்கொண்டு இதைச் செய்கிறீர்கள் என்றால் அந்த நான்கு மாத வாழ்க்கைச் செலவு முதல் வரியாக வரட்டும். ஊதியமே இல்லாத கணக்கைப் பார்க்கிறவர்கள் இந்த வேலை நடக்குமா என்று யோசிப்பார்கள்.

அடுத்து, உங்களுக்குக் கற்றுத்தருகிறவர்கள். கூத்துப் பழக்கும் அண்ணாவியாரிடம் மத்தளக் கட்டுகளைக் கேட்டுப் பதிவு செய்கிறீர்கள். ஒரு மீனவர் தொழிலுக்குப் போகாமல் உட்கார்ந்து பாடிக் காட்டுகிறார். அவர்களுக்கு வெற்றிலையும் பொன்னாடையும் போதாது. அவர்களின் நாட்கூலியாவது கணக்கில் இருக்க வேண்டும். பதிவை எங்கே பயன்படுத்துவீர்கள், யார் பெயர் வரும் என்பதை அவர்களின் மொழியில் சொல்லிச் சம்மதம் வாங்குங்கள். பல நிதிகள் இதைக் கேட்கின்றன. கேட்காவிட்டாலும் செய்ய வேண்டியதுதான்.

2022இல் டொலர் இருநூறு சொச்சம் ரூபாயிலிருந்து சில வாரங்களில் 350ஐத் தாண்டியதை மறந்திருக்க மாட்டீர்கள். வெளிநாட்டு நாணயத்தில் கணக்குக் கொடுக்கும்போது எந்தத் திகதியின் மாற்று விகிதம் என்று குறிப்பிட்டு, எதிர்பாராத செலவுக்கென ஒரு சிறு தொகையை வையுங்கள். வங்கிகள் இடையில் பிடிக்கும் கட்டணமும் உண்டு, அனுப்பிய தொகை முழுதாக வந்து சேராது.

சிபாரிசும் மாதிரியும்

சிபாரிசுக் கடிதம் என்றதும் பெரிய பதவியில் இருப்பவரைத் தேடி அலுவலகம் அலுவலகமாக நடக்கிறார்கள். “இவர் எமது பிரதேசத்தின் சிறந்த கலைஞர், இவருக்கு உதவவும்” என்ற இரண்டு வரியும் ரப்பர் முத்திரையும் எதற்கும் உதவாது. உங்களோடு ஒரு தயாரிப்பில் வேலை செய்தவர், உங்கள் ஓவியத்தைப் பார்த்து வாதாடியவர், மட்டக்களப்பு விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் உங்களைப் படிப்பித்தவர், இப்படி யாராவது உங்கள் வேலையின் ஒரு குறிப்பிட்ட தருணத்தைச் சொல்லி எழுதினால் அதுவே பெரிய பலம். அவருக்கு உங்கள் விண்ணப்பத்தின் பிரதியையும் குறைந்தது இரண்டு வார அவகாசமும் கொடுங்கள்.

மாதிரி வேலைகளில் ஒரு மணித்தியாலக் காணொளி அனுப்பினால் யாரும் முழுதாகப் பார்க்க மாட்டார்கள். முதல் நிமிடத்தில் மங்கள விளக்கேற்றலும் வரவேற்புரையும் ஓடிக்கொண்டிருந்தால், உங்கள் நடிப்பு வருவதற்குள் அவர்கள் அடுத்தவருக்குப் போயிருப்பார்கள். இரண்டு மூன்று நிமிடத் துண்டாக வெட்டி, அதில் நீங்கள் செய்தது எது என்று ஒரு வரி எழுதுங்கள். கூகுள் டிரைவ் இணைப்பு வேறொரு போனில் அனுமதி கேட்காமல் திறக்கிறதா என்றும் பாருங்கள்.

பெயரும் நேரமும்

சின்ன விஷயங்கள்தான், ஆனால் நல்ல விண்ணப்பத்தையே விழுத்திவிடும். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, தகப்பன் பெயர் முன்னால் வரும். விண்ணப்பத்தில் ஒரு ஒழுங்கு, கடவுச்சீட்டில் வேறு ஒழுங்கு, வங்கிக் கணக்கில் முதலெழுத்து மட்டும் என்று இருந்தால் காசு வரும் நேரத்தில் வங்கி நிறுத்திவைக்கும். வங்கிப் புத்தகத்தில் உள்ளபடியே எல்லா இடத்திலும் எழுதுங்கள். மேடைப் பெயரை அதற்கென ஒரு கட்டம் இருந்தால் அங்கே போடுங்கள்.

முடிவு நேரம் லண்டன் நண்பகல் என்றால், அங்கே கோடைகாலத்தில் இங்கே மாலை 4.30, அங்கே கடிகாரத்தைப் பின்வைக்கும் குளிர்காலத்தில் இங்கே 5.30. கடைசி மணியில் இணையத்தளம் திணறுவது வழக்கம், மின்சாரமும் போகலாம். முதல் நாளே அனுப்பிவிடுங்கள்.

ஆங்கிலத்தில் மட்டும் ஏற்கும் நிதியாக இருந்தாலும் முதலில் தமிழில் முழுதாக எழுதுங்கள். யோசனை தமிழில் தெளிந்த பிறகு, கலை தெரிந்த ஒருவரைக் கொண்டு ஆங்கிலமாக்கலாம். ஆங்கிலத்தில் நேரே தொடங்குபவர்கள் தாங்கள் சொல்ல வந்ததை விட்டுவிட்டுத் தங்களுக்குத் தெரிந்த ஆங்கிலம் எதைச் சொல்ல விடுகிறதோ அதைச் சொல்லிவிட்டு வருகிறார்கள். போனில் செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் எழுதித்தரச் சொன்னாலும் இதே நிலைமைதான். மொழிபெயர்க்கக் கேளுங்கள், யோசனையைக் கேட்காதீர்கள்.

கிடைத்த பிறகு

நிதி கிடைத்தவர்களும் ஒரு இடத்தில் தவறுகிறார்கள். இரண்டாம் மாதத்தில் யோசனை வேறு பக்கம் திரும்பும், ஆய்வு என்றால் அது நடக்கத்தான் வேண்டும். பயந்து யாருக்கும் சொல்லாமல், கடைசியில் முதலில் எழுதியதையே செய்ததாக அறிக்கை எழுதுகிறார்கள். திரும்பிய உடனேயே நிதி தந்தவர்களுக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள்: இப்படி நினைத்தேன், கரையில் வேறு ஒன்று கண்டேன், இனி இப்படிப் போக விரும்புகிறேன், செலவில் இந்த மாற்றம் வரும். பெரும்பாலும் சம்மதிப்பார்கள். இறுதி அறிக்கையில் சரிவராத பரிசோதனைகளையும் ஏன் சரிவரவில்லை என்பதையும் எழுதுங்கள். பற்றுச்சீட்டுகளை முதல் நாளிலிருந்தே ஒரு உறையில் போட்டு வையுங்கள், ஓட்டோவுக்குக் கொடுத்த காசைக் கூட அன்றே கொப்பியில் குறித்துக் கையொப்பம் வாங்கிவிடுங்கள்.